அம்மா மிதித்த 120 கிலோமீட்டர்

"இத்தாலிக்குப் போனா ரோம் பார்க்கலாம், வெனிஸ் பார்க்கலாம். அங்க போயும் சைக்கிள்தான் மிதிக்கணுமா?" என்று கேட்டார் பெரியம்மா.

கேள்வி நியாயமானதுதான். அம்மாவுக்கு 62 வயது. வலது முழங்காலில் தேய்மானம். கடைசியாக அவர் மிதிவண்டி ஓட்டியது, கோல சிலாங்கூர் பக்கம் இருந்த தோட்டத்தை விட்டு எங்கள் குடும்பம் வெளியேறிய ஆண்டில். அப்போது நான் பிறக்கக்கூட இல்லை.

ஆனால் ஆசையைக் கிளப்பியது நானில்லை, அம்மாதான். வானொலியில் ஒரு பயண நிகழ்ச்சிக்காக நான் வீட்டில் தகவல் திரட்டிக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டு வந்தவர் கணினித் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். வெள்ளைக் கற்சுவர், செம்மண், முறுக்கிக்கொண்டு நிற்கும் கிழட்டு மரங்கள், நடுவே வரிசையாகச் சில மின்மிதிவண்டிகள். "இந்த சைக்கிள்ல ஏறக் காலைத் தூக்க வேண்டாம் போலிருக்கே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை காட்டச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, மே கடைசியில், நாங்கள் இருவரும் இத்தாலியின் புல்யா மாநிலத்தில் இருந்தோம். பெயரைக் கேட்டதும் "புலியா?" என்று சிரித்தவர், விமானம் ஏறும்வரை அந்தப் பெயரை விடவேயில்லை.

மிதித்தால்தான் உதவும்

வரைபடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் காலணி என்றால், அதன் குதிகால் புல்யா. நாங்கள் ரோமில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பயணம் செய்து பாரி நகருக்குப் போனோம். அங்கிருந்து தெற்கே, இத்ரியா பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று பெயரே தவிர, அதில் ஆறு எதுவும் ஓடவில்லை. சுண்ணாம்புப் பாறை மேட்டில் மெல்லக் குழிந்த நிலம். ஒரு மேட்டில் ஓர் ஊர், எதிர் மேட்டில் இன்னோர் ஊர். நடுவில் திராட்சை, ஒலிவம், செர்ரி, கோதுமை.

குழுவில் எட்டுப் பேர். எங்களைத் தவிர எல்லாரும் ஐரோப்பியர். வழிகாட்டி நாற்பதைத் தாண்டிய பெண்மணி, அந்த மண்ணிலேயே பிறந்தவர். பெட்டிகளை ஒரு வேன் அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்விடும். யாருக்காவது முடியாமல் போனால் அதே வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். அம்மாவை அழைத்துப்போக எனக்குத் துணிச்சல் தந்தது அந்த வேன்தான்.

மின்மிதிவண்டியைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. உட்கார்ந்தால் அதுவே ஓடும் என்று நினைக்கிறார்கள். ஐரோப்பியச் சட்டப்படி, மிதித்தால்தான் அதன் மோட்டார் இயங்கும். மோட்டாரின் சக்தி 250 வாட். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அது உதவுவதை நிறுத்திவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் உங்கள் கால்தான். பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை ஓர் உணர்கருவி அளந்து, அதற்கேற்ப மோட்டார் கைகொடுக்கும். மேட்டில் ஏறும்போது யாரோ பின்னால் நின்று முதுகில் கைவைத்து மெதுவாகத் தள்ளுவதுபோல் இருக்கும். "சின்ன வயசுல எங்க அண்ணன் இப்படித்தான் தள்ளிவிடுவான்" என்றார் அம்மா.

புறப்படுவதற்கு முன் ஷா ஆலம் ஏரிப் பூங்காவில் வாரம் இரண்டு நாள் பழகினோம். முதல் நாள் பத்து மீட்டர் போவதற்குள் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. பயத்தில் வந்த வியர்வை. மூன்றாவது வாரம் மணியடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். முழங்கால் மருத்துவரும் சம்மதித்தார். காலில் பளு ஏறாமல் மிதிப்பது நல்லதுதான் என்றார்.

சாந்து இல்லாத வீடுகள்

முதல் நாள் அல்பெரோபெல்லோவிலிருந்து லோகொரொத்தோந்தோ. 'வட்டமான இடம்' என்று பொருள். மேட்டின்மீது வட்டமாகவே கட்டிய வெள்ளை ஊர். நேர்வழியில் போனால் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. நாங்கள் கார்கள் வராத கிளைப்பாதைகளில் சுற்றி முப்பது கிலோமீட்டர் ஆக்கினோம்.

வழியெல்லாம் திரூலி வீடுகள். வட்டமாகவோ சதுரமாகவோ தடித்த சுவர், அதன்மேல் சாம்பல் நிறக் கற்பலகைகளை அடுக்கி எழுப்பிய கூம்புக் கூரை. சுவரின் வெளிப்புறத்தில் வெள்ளையடித்திருப்பார்கள். கூரையில் கல்லோடு கல்லை ஒட்ட சாந்து கிடையாது. எடையும் சமநிலையும்தான் பிடித்து நிறுத்துகின்றன. அல்பெரோபெல்லோவில் மட்டும் 1,500க்கு மேற்பட்ட திரூலிகள் இருக்கின்றன. 1996இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

சாந்து இல்லாமல் கட்டியதற்கு அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் புதிதாக ஓர் ஊர் எழுந்தால் நேப்பிள்ஸ் அரசுக்கு வரி கட்ட வேண்டும். நிலத்தின் சொந்தக்காரரான கொன்வெர்சானோ பிரபுவுக்கு வரி கட்ட மனமில்லை. குடியானவர்களைச் சாந்து பூசாமல் வீடு கட்டிக்கொள்ளச் சொன்னார். அதிகாரி வருகிறார் என்றால் கூரையைச் சரித்துவிடலாம். ஊரே இல்லை என்று சாதிக்கலாம். 1797இல் மன்னர் நான்காம் ஃபெர்டினாண்ட் அல்பெரோபெல்லோவைப் பிரபுவின் பிடியிலிருந்து விடுவித்து, அரச நகரமாக்கினார்.

அம்மா கதையைக் கேட்டுவிட்டு, "வீடு அவங்களுது, ஆனா சொந்தமில்ல" என்றார். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அல்பெரோபெல்லோவின் நடுத்தெருவில் கூட்டம் தாங்க முடியவில்லை. நினைவுப் பொருள் கடை, தம்படம் எடுப்பவர்கள், பேருந்து பேருந்தாகச் சுற்றுப்பயணிகள். ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனதும் அவர்கள் யாருமே இல்லை. அதே திரூலி, இங்கே யாரோ வசிக்கும் வீடாக நிற்கிறது. வாசலில் துணி காய்கிறது. ஒரு பெரியவர் காரை பூசாத கற்சுவரில் விழுந்த கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்தும் இடம் தேடிக்கொண்டிருந்தார். கல்லின்மேல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ தனது பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தண்ணீருக்கு மேல் ஒரு பாதை

இரண்டாம் நாள் நாங்கள் போனது ஒரு குடிநீர்க் கால்வாயின் மேல்.

புல்யாவின் நிலம் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடும். அதனால் பல தலைமுறைகள் கூரைமேல் விழும் மழைநீரையே நம்பியிருந்தன. திரூலியின் கூம்புக் கூரை வழியாக இறங்கும் தண்ணீர் வீட்டுக்கடியில் வெட்டிய தொட்டியில் சேரும். தொட்டி வற்றினால் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டும். 1906இல் ஒரு பெரும் வேலை தொடங்கியது. மேற்கே மலைகளுக்கு அப்பால், கபோசேலே என்ற ஊரில் சேலே ஆற்றின் ஊற்றுநீரைப் பிடித்து, அபெனைன் மலையைக் குடைந்து, இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். 1915இல் அந்தத் தண்ணீர் பாரி நகரத்தை எட்டியது. பிறகு தெற்கே ஊர் ஊராகப் போனது. தெருமுனைகளில் வார்ப்பிரும்புக் குழாய்கள் வைத்தார்கள். அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. நாங்களும் புட்டியை நிரப்பிக்கொண்டோம்.

கால்வாய் நிலத்தடியில் போகிறது. அதன்மேல் பராமரிப்புக்காகப் போட்ட சரளைப் பாதையின் ஒரு பகுதியைத்தான் இப்போது மிதிவண்டிகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் தானாக இறங்கி ஓட வேண்டும் என்பதால் கால்வாய்க்கு ஏற்ற இறக்கம் கிடையாது. எனவே பாதைக்கும் பெரிய மேடில்லை. அம்மாவின் முழங்காலுக்காக யாரோ நூறு ஆண்டுக்கு முன்பே திட்டமிட்டுக் கட்டியதுபோல் இருந்தது.

அந்தப் பாதையில் கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. வானொலியில் மூன்று விநாடி சத்தம் இல்லாமல் போனால் எங்களுக்கு அது விபத்து. பத்து ஆண்டுகளாக அந்த மூன்று விநாடியை நிரப்பித்தான் சம்பளம் வாங்குகிறேன். அன்று முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. சரளையில் சக்கரம் உரசும் சத்தம், எங்கோ ஒரு நாய், கோதுமைக்கு நடுவே காற்று. முதல் பத்து நிமிடம் எனக்குக் கை பரபரத்தது. கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யலாமா என்று நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஒரு குழாயருகே நின்றபோது அம்மா சொன்னார்: "எங்க லயத்துல இருபது வீட்டுக்கு ஒரு குழாய். காலையில நாலு மணிக்கு வாளிய வரிசையில வைப்போம்." இதை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

கீரையும் பருப்பும்

மதியம் சிஸ்தெர்னீனோ. வெள்ளிக்கிழமை என்பதால் அம்மாவுக்கு சைவம். அந்த ஊரோ இறைச்சிக்குப் பேர்போனது. கசாப்புக் கடையில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் இறைச்சியை அங்கேயே அடுப்பில் வாட்டித் தருவார்கள். என்ன செய்வது என்று விழித்தபோது, உலர்ந்த பெரிய அவரைப் பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து, பக்கத்தில் கசப்புக் கீரையை வதக்கி வைத்து, மேலே ஒலிவ எண்ணெயை ஊற்றிக் கொண்டு வந்தார்கள். அங்கே அது ஏழைகளின் பழைய சாப்பாடு. அம்மா ஒரு வாய் வைத்தார். "கடுகு தாளிக்கல. மத்தபடி நம்ம கீரைப் பருப்புதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

அதே சிஸ்தெர்னீனோவின் வயல்களுக்கு நடுவே ஓர் ஆசிரமமும் இருக்கிறது. லிசெட்டா கார்மி என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர் இந்தியாவில் ஹைடகான் பாபாஜியைச் சந்தித்து, அவருடைய சீடராகி, 1979இல் தொடங்கிய ஆசிரமம் அது. ஒலிவத் தோப்புக்குள் சிவனுக்கு வழிபாடு நடக்கிறது என்றதும் அம்மா காலணியைக் கழற்றவே தயாராகிவிட்டார். நேரமில்லாமல் பாதையிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

கிழட்டு மரங்களின் சமவெளி

மூன்றாம் நாள் ஒஸ்தூனி. மலையுச்சியில் வெள்ளை ஊர், அதற்குக் கீழே கடல்வரை ஒலிவச் சமவெளி. ரோமப் பேரரசர் டிராஜன் போட்ட வியா திராயானா சாலை இந்தச் சமவெளி வழியாகத்தான் பிரிண்டிசி துறைமுகத்துக்குப் போனது. மரங்களில் சில ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை என்கிறார்கள். அடிமரம் உள்ளே பொந்தாகி, இரண்டாக மூன்றாகப் பிளந்து, கயிறு முறுக்கியதுபோல் நிற்கும். பிளவுக்குள் ஓர் ஆள் நுழையலாம். அத்தனைக்கும் மேலே புத்தம் புதிய இலை.

வழிகாட்டி அங்கே வண்டியை நிறுத்தினார். அதுவரை கதை சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவர், முகம் மாறி, தன் கதையைச் சொன்னார்.

அவர் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை. இன்னும் தெற்கே, சலெந்தோவில் பிறந்தவர். ஒன்றரை ஹெக்டேரில் குடும்பத்துக்கு ஒலிவத் தோப்பு இருந்தது. 2013இல் அந்த வட்டாரத்தில், கல்லிப்போலி நகருக்கு அருகே, ஒலிவ மரங்களில் சைலெல்லா என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரச் செடியோடு அது வந்திருக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். களைச்செடிகளில் எச்சில் துப்பியதுபோல் நுரை கட்டி வளரும் ஒரு சிறு பூச்சி, நோயுள்ள மரத்தின் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவுகிறது. பாக்டீரியா மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். வேரில் தண்ணீர் இருக்கும், இலைக்கு வராது. நுனியிலிருந்து காய்ந்துகொண்டே இறங்கும். மருந்து இல்லை.

சலெந்தோவில் லட்சக்கணக்கான மரங்கள் போயின. ஒரு காலத்தில் கல்லிப்போலியிலிருந்து கப்பலேறிய எண்ணெய்தான் லண்டன் வரை தெருவிளக்குகளை எரித்தது. அந்த வட்டாரத்தில் இன்று பல இடங்களில் சாம்பல் நிறக் கட்டைகள்தான் நிற்கின்றன.

"நோயுள்ள மரத்தை வெட்டச் சொன்னபோது அப்பா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்" என்றார் வழிகாட்டி. "நானும் அவர் பக்கம்தான் நின்றேன். இன்று யோசித்தால், அப்போதே வெட்டியிருந்தால் பக்கத்துத் தோப்பு தப்பியிருக்குமோ என்று தோன்றுகிறது." தோப்பு போனபிறகுதான் அவர் வழிகாட்டியானார். நோய் மெல்ல வடக்கே ஏறி, இந்தச் சமவெளியிலும் நுழைந்துவிட்டது. தொலைவில் இரண்டு மரங்களின் உச்சி பழுப்பாகி இருப்பதைக் காட்டினார்.

பிறகு ஒரு சுவர் இடைவெளி வழியாக உள்ளே அழைத்துப் போனார். அது அவருடைய கணவர் குடும்பத்துத் தோப்பு. ஒரு பெரிய மரத்தின் கிளைகளை வெட்டி, வெட்டிய இடத்தில் லெச்சீனோ ஒலிவத்தின் குச்சிகளை ஒட்டுக் கட்டியிருந்தார்கள். லெச்சீனோ இந்த நோயை ஓரளவு தாங்கும் வகை. ஏப்ரலில் கட்டியது. மொத்தம் ஆறு குச்சிகள். பிடித்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை, இன்னும் இலை விடவில்லை என்றார்.

நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா மரத்தருகே போய்விட்டார். கண்ணாடியை ஏற்றி வைத்து, கட்டைக் குனிந்து பார்த்தார். குச்சியில் கட்டைவிரல் நகத்தை வைத்தார்.

"நோ, நோ!" என்று வழிகாட்டி பாய்ந்து வந்தார்.

"சொல்லும்மா அவங்ககிட்ட" என்றார் அம்மா, கையை எடுக்காமல். "எங்கம்மா தோட்டத்து நாற்றங்கால்ல ஒட்டுக் கட்டுனவங்க. பால்மரத்துக்கு மூணு வாரத்துல கட்டப் பிரிச்சு, லேசா கீறிப் பார்ப்பாங்க. பச்சையா இருந்தா உசிரு இருக்கு. கறுப்பா இருந்தா இல்ல. ஸ்கூல் லீவுல நான்தான் கூடப் போயி எண்ணுவேன்."

சொன்னேன். வழிகாட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு நகர்ந்து வழிவிட்டார். அம்மா ஒரு நூல் அகலத்துக்கு மேல்தோலைக் கீறினார். பச்சை. அடுத்தது பச்சை. மூன்றாவது காய்ந்திருந்தது. எட்டுப் பேரும் மரத்தைச் சுற்றி நின்று எண்ணினோம். ஆறில் நான்கு பச்சை.

வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, அந்த நகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒட்டுப் பிடித்தால் மட்டும் மரம் தப்பிவிட்டது என்று அர்த்தமில்லை. அடிமரம் பழைய வகைதான், நோய் அதற்குள் வரலாம். இது அவருக்கும் தெரியும். ஆனாலும் அன்று நான்கு என்பது பெரிய எண்ணாக இருந்தது.

திரும்பி ஒஸ்தூனி மேட்டில் ஏறும்போது என் பேட்டரி தீர்ந்துபோனது. காலையிலிருந்து உச்ச உதவியிலேயே வைத்து ஓட்டிய பலன். மோட்டார் இல்லாவிட்டால் அந்த வண்டி இரும்பு மூட்டை. சிக்கனமாக ஓட்டி வந்த அம்மா மணியடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "இறங்கித் தள்ளும்மா. காலுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதிவரையும், செப்டம்பர், அக்டோபரும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டு வெயிலில் மிதிப்பது கடினம். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள்வரை சுற்றுலா விசா தேவையில்லை. பாரி, பிரிண்டிசி இரண்டிலும் விமான நிலையம் உண்டு.

பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு மேடு? காலைத் தூக்காமல் ஏறும் சட்டம் கொண்ட வண்டி கிடைக்குமா? வேன் கூடவே வருமா? மிதிவண்டியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள் இங்கேயே சில வாரம் பழகிவிட்டுப் போங்கள். மின்மிதிவண்டியின் எடை சாதாரண வண்டியைவிட அதிகம். பிரேக் பிடிப்பதும் நிறுத்தி இறங்குவதும்தான் முக்கியப் பயிற்சி. அங்கே மதியத்துக்குப் பிறகு சில மணி நேரம் கடைகள் மூடிவிடும். கையில் கொஞ்சம் பழமும் ரொட்டியும் இருக்கட்டும். தோப்பு ஓரமாக நடக்கும்போது செடியோ குச்சியோ பிடுங்கிப் பைக்குள் வைக்காதீர்கள். ஒரு செடியோடு வந்த நோய் என்ன செய்தது என்று மேலே படித்தீர்கள்.

நான்கு நாளில் அம்மா மிதித்தது 120 கிலோமீட்டர். ஒருமுறைகூட வேனில் ஏறவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் ஏரிப் பூங்காவுக்குப் பெரியம்மாவையும் அழைத்துப் போகிறார்.

ஜூலையில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. வெட்டுப்பட்ட கிளையின் நுனியில் விரல் நீளத்துக்கு வெள்ளிப் பச்சை இலைகள். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மூணுதான் தெரியுது" என்றார். "நாலாவது எங்கன்னு கேளு."